யாரும் தொடாத ஃபீல்டு எப்படி மாறியது?

"இதோட மூணு தடவை சொல்லிட்டேன். நான் ஆண் இல்லைன்னு இன்னும் எத்தனை வாட்டி எழுதித் தரணும்?"

ஒரு மருத்துவமனையின் பதிவுக் கவுன்ட்டரில் ஒரு திருநங்கை கேட்ட கேள்வி இது. அந்தப் பதிவு மென்பொருளைப் பராமரித்த குழுவில் நான் இருந்தேன். கவுன்ட்டர் ஊழியர் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திருத்தித்தான் கொடுத்திருக்கிறார். ஆனால், அடுத்து யாராவது போன் நம்பரையோ முகவரியையோ மாற்றினால் பாலினம் என்ற ஃபீல்டு மறுபடியும் 'ஆண்' ஆகிவிடும்.

மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் எங்கள் டேட்டாபேஸிலும் மூன்றாவது மதிப்பு ஒன்று சேர்ந்தது, புதிய நோயாளி பதிவுப் படிவத்திலும் சேர்ந்தது. தொடர்பு விவரம் திருத்துவதற்கென்று இருந்த ஒரு சின்னப் படிவம்தான் விட்டுப்போனது. அதன் பாலின டிராப்டவுனில் (கீழே விரியும் தேர்வுப் பட்டியலில்) 'ஆண்', 'பெண்' என இரண்டை மட்டும் யாரோ முன்பே கையால் எழுதி வைத்திருந்தார்கள்.

டேட்டாபேஸிலிருந்து வருகிற மதிப்பு டிராப்டவுன் பட்டியலில் இல்லையென்றால் எந்த ஆப்ஷனும் தேர்வாகாது. அப்போது பிரவுசர் முதல் ஆப்ஷனை எடுத்துக்கொள்ளும். சேவ் அழுத்தினால் அதையேதான் அனுப்பும். எங்கள் பட்டியலில் முதலில் இருந்தது 'ஆண்'. எரர் வரவில்லை, மென்பொருளின் நிகழ்வுக் குறிப்பான லாகிலும் ஒன்றும் பதியவில்லை. இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்டில் இது வேறு மாதிரி ஏமாற்றும்: திரையில் முதல் ஆப்ஷன் தெரியும், நிரல் நினைவில் வைத்திருக்கும் ஸ்டேட்டில் பழைய மதிப்பே இருக்கும். பார்ப்பது ஒன்று, சேவ் ஆவது வேறொன்று.

டேட்டா மாடல், அதாவது தகவல்களின் அமைப்பு, மாறியதும் படிவம் உடைந்து எரர் காட்டினால் எனக்கு நிம்மதி, அன்றே சரிசெய்துவிடலாம். ரியாக்டைப் போன்ற ஆங்குலரில், படிவத்தில் மதிப்புகளை நிரப்பும் செட்வேல்யூ அப்படித்தான், வடிவம் பொருந்தாவிட்டால் கத்தும். அதேபோல் நிரப்புகிற பேட்ச்வேல்யூ பொருந்தாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். வசதியாக இருக்கிறதென்று எல்லா இடத்திலும் பேட்ச்வேல்யூ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. 2022-இல் ஆங்குலர் 14-உடன் டைப் (மதிப்பின் வகை) சரிபார்க்கும் படிவங்கள் வந்தது பெரிய உதவி. ஆனாலும் அந்தச் சரிபார்ப்பு நிரல் கம்பைல் ஆகும்போது, அதாவது ஓடுவதற்கு முன் தயாராகும்போது மட்டும்தான். காலையில் ஊழியர் திறந்து வைத்த டேப், மதியம் நாம் டெப்ளாய் செய்த (சர்வரில் ஏற்றிய) புது ஸ்கீமாவை, அதாவது டேட்டாபேஸ் அமைப்பை, அறியாது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு டெஸ்ட் எழுதினோம். நிஜ டேட்டாவின் நகலை எடுத்து, ஒவ்வொரு வகைப் பதிவையும் ஒவ்வொரு திருத்தப் படிவத்திலும் திறந்து, எதையும் தொடாமல் சேவ் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் ஓர் எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது. முதல் நாளே இன்னொரு பிழை சிக்கியது. 'எஸ்எம்எஸ் அனுப்பலாமா' என்ற செக்பாக்ஸைப் புதிதாகச் சேர்த்திருந்தோம். டிக் இல்லாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது என்பதால், வராவிட்டால் 'வேண்டாம்' என்று சர்வர் பக்க நிரலான பேக்எண்ட் எடுத்துக்கொண்டது. அந்த செக்பாக்ஸே இல்லாத பழைய படிவம், கொடுத்த சம்மதத்தையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது.

இப்போது படிவம் மாறிய ஃபீல்டுகளை மட்டுமே அனுப்புகிறது. டிராப்டவுன் பட்டியல்கள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தெரியாத மதிப்பு வந்தால் அதை அப்படியே காட்டுகிறோம், படிவம் தானாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

'மொத்தப் படிவத்தையும் மாடலிலிருந்தே தானாக உருவாக்கிவிட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. படிவத்தில் காட்டுவதற்கு அது சரி. ஆனால் வருகிறதையெல்லாம் அப்படியே மாடலில் எழுதவிடக் கூடாது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 2012 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கலாம்: படிவத்தில் இல்லாத ஒரு ஃபீல்டையும் சேர்த்து அனுப்பியே ஒருவர் அங்கிருந்த ரெயில்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தில் எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். எந்த ஃபீல்டை யார் எழுதலாம் என்ற பட்டியலை இன்றும் நான் கையால்தான் எழுதுகிறேன்.

ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகளில், மாற்றங்களின் வரலாறு இருந்தவற்றைப் பழைய மதிப்புக்குத் திருப்பினோம். வரலாறு இல்லாதவற்றில் நாங்களாக எதையும் நிரப்பவில்லை. அடுத்த வருகையின்போது கவுன்ட்டரில் அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதைப் பதிந்தோம்.