பருப்பு ஊறாத ஊரில் அடை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ராமநாதபுரம் கடலோரத்தில் எந்த வீட்டிலும் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குழாய் வரும் நாளில் பிடித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அதனால் பருப்பு ஊறப்போட போர் தண்ணீரே போதும் என்று விட்டுவிடுகிறோம். அடை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது இளகினால்தான் பருப்பு மசியும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் அவை பெக்டின் இழைகளை இறுகக் கட்டிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மெக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் உண்டு; நிலத்தடியில் கடல்நீர் ஏறிய இடங்களில் கிணற்றிலும் போரிலும் இவை கலந்துவிடுகின்றன. கொதிக்க வைத்தாலும் பெரிதாகப் பயனில்லை. பைகார்பனேட் உப்பாகக் கலந்த கால்சியமும் மெக்னீசியமும்தான் கொதிக்கும்போது வெள்ளையாகப் படியும். கடல் கொண்டுவரும் குளோரைட், சல்பேட் உப்புகள் அப்படியே நிற்கும்.

சாம்பார் என்றால் குக்கரில் இன்னும் இரண்டு விசில் விட்டுச் சமாளிக்கலாம். அடை கல்லில் கிடப்பது சில நிமிடம்தான். அதற்குள் கொரகொரப்பாக அரைத்த கடலைப்பருப்பு உள்ளே வரை வெந்தாக வேண்டும். ஆகவே ஊறப்போட ஒரு சொம்பு நல்ல தண்ணீர் செலவழிப்பது வீண் இல்லை. அதில் கொஞ்சம் சமையல் உப்பு போட்டால் இன்னும் நல்லது: சோடியம் கால்சியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், பெக்டின் தளரும். புளி, தக்காளி எல்லாம் அரைக்கும்போது சேர்த்தால் போதும். புளிப்பில் பெக்டின் சீக்கிரம் இளகாது.

பழைய பயறு வேகாததற்கும் இதே பசைதான் காரணம். பயறில் உள்ள பைட்டிக் அமிலம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். வெக்கையும் ஈரமுமான கடலோர வீட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் பைட்டேஸ் என்ற நொதி அந்த அமிலத்தைச் சிதைக்கும். விடுபட்ட கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினிடம் போய்ச் சேர்ந்து அதை இறுக்கும். இங்கே பயறைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே சரி.

அதே பைட்டேஸ் முளைக்கட்டும்போது நமக்கு நன்மை செய்கிறது. பாசிப்பயறு முளைவிடும்போது குருத்துக்குப் பாஸ்பரஸ் தேவை. பைட்டிக் அமிலம் உடைந்து அதைத் தருகிறது. கூடவே அதில் சிக்கியிருந்த இரும்பும் துத்தநாகமும் நம் உடல் எடுத்துக்கொள்ளும்படி விடுபடுகின்றன. காய்ந்த பயறில் மிகக் குறைவான வைட்டமின் சி முளையில் உருவாகிறது. வயிற்றில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளும் குறைகின்றன. ஆனால் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறிவிடுவதால் முளைப்பயறு அடை சீக்கிரம் சிவக்கும், அசந்தால் கருகும். தீயைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். முளைப்பயறை மட்டும் அரைத்தால் மாவு பிடித்து நிற்காது. பிடிமானத்துக்குப் பாதியாவது அரிசியும் கடலைப்பருப்பும் வேண்டும். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் லைசின் குறைவான அரிசியும் மெத்தியோனின் குறைவான பருப்பும் சேரும்போது புரதமும் முழுமையாகிறது. இங்கே முளை சீக்கிரம் வரும், கிருமியும் அதே வேகத்தில் பெருகும். இரண்டு மூன்று முறை அலசி, ஒரு நாளுக்குள் அரைத்துவிடுங்கள். அடை நன்றாக வெந்தால் மிச்சப் பயமும் பெரும்பாலும் இருக்காது.

கீரைக்கு என் ஓட்டு முருங்கைக்குத்தான். இந்த மண்ணில் தண்ணீர் கேட்காமல் வளரும். பச்சையம் புளிப்பில் தன் மெக்னீசியத்தை இழந்து மங்கிப்போகும். புளித்த தோசை மாவில் கீரை பழுப்பாவது அதனால்தான். அடை மாவைப் புளிக்க விடுவதில்லை என்பதால் கீரையின் பச்சை நிறம் அவ்வளவாக மங்காது. ஊற்றுவதற்குச் சற்று முன்பு சேர்ப்பது நல்லது, முன்கூட்டியே கலந்தால் மாவின் உப்பு இலையிலிருந்து நீரை இழுத்து மாவைத் தளர்த்திவிடும். முளையின் வைட்டமின் சி சூட்டில் பெருமளவு போய்விடுவதால், கீரையின் இரும்பு உடலில் சேரத் துணையாக எலுமிச்சை பிழிந்த வெங்காயம் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், நடுவில் போடும் ஓட்டை. தடித்த அடையில் கடைசியாக வேகும் இடம் நடுப்பகுதி. ஓட்டை வழியாக ஆவி வெளியேறும், ஊற்றும் நல்லெண்ணெய் நேரே கல்லுக்குப் போய் அடிப்பக்கத்தை மொறுமொறுவென்று ஆக்கும். முருங்கையின் பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும், அதற்கும் அந்த எண்ணெய் வேண்டும். ஒரு ஸ்பூன் போதும்.