பக்கத்து நாட்டோட சேரலாமான்னு கேக்கறீங்களே, எந்தப் படி வரைக்கும்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு சோறு போடறதே எல்லைக்கோடு தான். ரெண்டு நாட்டுக்கு நடுவுல ஒரு கேட்டும், அதுல சீல் குத்த ஒரு ஆபீசரும் இருக்கற வரைக்கும் தான் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட்னு ஒரு ஜாதி இருக்கும். 1993 ஜனவரி 1 அன்னிக்கு ஐரோப்பாவுல உள் எல்லைகள்ல கஸ்டம்ஸ் பேப்பர் வேலையையே எடுத்துட்டாங்க, அங்க என் தொழில் பண்ணிட்டிருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே ராத்திரியில வேலை காலி. அதனால அண்டை நாடுகள் ஒண்ணா சேரணுமாங்கற கேள்விக்கு நான் "சேரணும்"னு சொன்னா அது என் வயித்துல நானே அடிச்சுக்கற மாதிரி, "வேணாம்"னு சொன்னா "உனக்கு லாபம், அதான் சொல்ற"ன்னு நீங்க சொல்லலாம். ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

இதை எழுத வச்சது ஒரு க்ளையன்ட். பக்கத்து நாட்டுல இருந்து மெஷின் பார்ட்ஸ் எடுத்தாரு. ரெண்டு நாட்டுக்கும் ஃப்ரீ ட்ரேட் ஒப்பந்தம் இருக்கு, டாரிஃப் லிஸ்ட்ல அந்த அயிட்டத்துக்கு ட்யூட்டி, அதாவது சுங்க வரி, பூஜ்யம், மனுஷன் பூஜ்யம்னே வச்சு விலை போட்டு ஆர்டரும் பிடிச்சுட்டாரு. கண்டெய்னர் வந்து இறங்கினதுக்கு அப்புறம் பேப்பரைப் பிரிச்சுப் பாத்தா சரக்கு செஞ்சது மூணாவது ஒரு நாட்டுல, பக்கத்து நாட்டுல நடந்தது பெட்டி மாத்தி லேபிள் ஒட்டினது மட்டும் தான், அதனால சரக்கு அந்த நாட்டுல தான் செஞ்சதுன்னு சொல்ற சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் கிடைக்கல, முழு ட்யூட்டியும் கட்டி, இந்த இழுபறியில கண்டெய்னர் எடுக்காம கிடந்ததுக்கு ஏறின தாமதக் கட்டணமும் (டெமரேஜ்) கட்டி எடுத்தாரு. "ஃப்ரீ ட்ரேடுன்னு பேரை வச்சுட்டு இது என்னய்யா அநியாயம்"னு என்னைத் தான் கத்தினாரு. அப்போ தான் எனக்கு உறைச்சுது, டிவியில "யூனியன் வேணும், வேணாம்"னு சண்டை போடற பெரியவங்களும் இவரும் ஒரே தப்பைத் தான் பண்றாங்க. எல்லாத்தையும் ஒரே பொருளா நினைச்சுக்கறாங்க.

ஒரே பொருள் இல்லைங்க, படிக்கட்டு. முதல் படி ஃப்ரீ ட்ரேட், உங்க சரக்குக்கு நான் ட்யூட்டி போடல, என் சரக்குக்கு நீங்க போடாதீங்க, மத்த நாட்டுக்காரன்கிட்ட அவங்கவங்க இஷ்டத்துக்கு வசூல் பண்ணிக்கலாம். அடுத்தது கஸ்டம்ஸ் யூனியன், இதுல வெளியில இருந்து வர்ற சரக்குக்கும் எல்லாருக்கும் ஒரே ட்யூட்டி. அதுக்கு மேல சிங்கிள் மார்க்கெட், சரக்கோட ஆளும் பணமும் சர்வீசும் தடையில்லாம போகும். அதுக்கு மேல ஒரே கரன்சி. கடைசியில ஒரே பார்லிமென்ட், ஒரே வெளியுறவுக் கொள்கைன்னு போற அரசியல் யூனியன். ஒவ்வொரு படிக்கும் கிடைக்கறது வேற, குடுக்க வேண்டியதும் வேற.

முதல் படியில ஒரு ஓட்டை இருக்கு, என் தொழில்ல பாதி அந்த ஓட்டையில தான் ஓடுது. நல்ல உதாரணம் வனஸ்பதி. இந்தியா இலங்கை ஃப்ரீ ட்ரேட் ஒப்பந்தம் 1998ல கையெழுத்தாகி 2000ல நடைமுறைக்கு வந்துச்சு. பாமாயிலுக்கு இந்தியாவுல ட்யூட்டி ஜாஸ்தி, இலங்கையில கம்மி. உடனே என்ன நடந்துச்சுன்னா, பாமாயிலை இலங்கைக்கு இறக்கி, அங்க வனஸ்பதி ஆக்கி, இலங்கைச் சரக்குன்னு பேப்பரோட இந்தியாவுக்குள்ள ட்யூட்டி இல்லாம அனுப்ப ஃபேக்டரிகளே முளைச்சுது. இந்தியத் தயாரிப்பாளர்கள் கூச்சல் போட்டாங்க, அளவுக்கு மேல வரக்கூடாதுன்னு கோட்டா வந்துச்சு, அந்த ஃபேக்டரிகள் படுத்துடுச்சு. சட்டப்படி பாத்தா யாரும் திருடல, ரெண்டு நாட்டோட ட்யூட்டிக்கு நடுவுல இருந்த வித்தியாசத்தை வியாபாரி மோப்பம் பிடிச்சான், அவ்ளோ தான். இந்த மோப்பத்தைத் தடுக்கத் தான் ஆரிஜின் ரூல்ஸ், எத்தனை சதவீதம் உள்ளூர் மதிப்பு சேர்ந்திருக்கு, சரக்கை வகைப்படுத்தற ஹெச்எஸ் கோடு நம்பர் மாறியிருக்கான்னு ஆயிரம் கேள்வி. உலகம் பூரா அந்த கோடுல முதல் 6 இலக்கம் தான் பொது, அதுக்கப்புறம் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு நீட்டிக்கும், அந்த வால் பகுதியில மாட்டி முழிச்ச பில்லுகளை வச்சு நான் தனியா ஒரு கட்டுரையே எழுதலாம்.

கஸ்டம்ஸ் யூனியன் இந்த ஓட்டையை அடைச்சுடும். வெளி ட்யூட்டி எல்லாருக்கும் ஒண்ணுன்னா எந்தப் பக்கம் இறக்கினா என்ன? ஐரோப்பாவுல 6 நாடு சேர்ந்து 1968 ஜூலையில இதை முடிச்சாங்க. ஆனா விலை இருக்கு. வெளிநாட்டோட ட்யூட்டி பேரம் பேசற உரிமை இனிமே உங்க கையில தனியா இருக்காது. பேரம் பேசற மேஜையில உங்களுக்கு நாற்காலி இருந்தா அது கூட்டு முடிவு, நாற்காலி இல்லைன்னா என்ன ஆகும்னு துருக்கியைப் பாத்தா தெரியும். 1995 கடைசியில ஐரோப்பிய யூனியனோட கஸ்டம்ஸ் யூனியன்ல சேர்ந்துச்சு, ஆனா உறுப்பினர் ஆகல. தொழிற்சாலைப் பொருளுக்கு ஐரோப்பா வைக்கற வெளி ட்யூட்டியைத் தான் அதுவும் வைக்கணும், ஐரோப்பா வேற ஒரு நாட்டோட ஒப்பந்தம் போட்டா அந்த நாட்டுச் சரக்கு ஐரோப்பா வழியா துருக்கிக்குள்ள சுலபமா வந்துடும், துருக்கிச் சரக்குக்கு அந்த நாட்டுல அதே சலுகை தானா கிடைக்காது. போதாக்குறைக்கு லாரிக்கு தனியா பர்மிட், பல்கேரியா பக்கத்து கபிகுலே எல்லையில லாரி வரிசை நீளமா நிக்கறது அங்க பழகிப்போன செய்தி. சரக்குக்கு ட்யூட்டி இல்ல, சரக்கைச் சுமக்கற லாரிக்குத் தடை! என்னைக் கேட்டா இது தான் ரொம்ப மோசமான இடம், பாதி உள்ள பாதி வெளிய.

நார்வே இதுக்கு நேர் எதிர். சிங்கிள் மார்க்கெட்ல இருக்கு, கஸ்டம்ஸ் யூனியன்ல இல்ல. அதனால ஸ்வீடன் எல்லையில இன்னிக்கும் கஸ்டம்ஸ் ஆபீஸ் இருக்கு. ஆனா 1959லயே ரெண்டு நாடும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க, ஒரு பக்கத்து ஆபீசரே ரெண்டு நாட்டு வேலையையும் முடிச்சுக் குடுத்துடுவாரு, லாரி ஒரு தடவை நின்னா போதும். இதுக்குப் பொதுக்கொடியும் வேணாம், பொது கரன்சியும் வேணாம், பக்கத்து ஆபீசர் போடற சீலை நம்பணும், அவ்ளோ தான். கிழக்கு ஆப்பிரிக்காவுல கென்யா உகாண்டா நடுவுல புசியா, மலாபாவுலயும் இதே மாதிரி ஒரே இடத்துல ரெண்டு நாட்டு வேலையும் முடியற போஸ்ட் போட்டிருக்காங்க.

ஏன் இதை இவ்ளோ இழுக்கறேன்னா, ட்யூட்டி ஒரு பெரிய விஷயமே இல்லைன்னு இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்சுடுச்சு. ட்யூட்டி ஒரு நம்பர், கட்டிட்டா முடிஞ்சுது. சரக்கு அழுகறது லேப் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும்போது. அந்தப் பக்கம் பாஸ் ஆன அதே சாம்பிளை இந்தப் பக்கம் மறுபடி டெஸ்ட் பண்ணுவாங்க, ரிப்போர்ட் வர்றதுக்குள்ள பார்ட்டி வேற இடத்துல வாங்கியிருப்பான். ஐரோப்பாவுல இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு சாராய கேஸ்னா நம்புவீங்களா? காசிஸ் டி டிஜான்னு ஒரு பிரெஞ்சுப் பழ மது, அதுல ஆல்கஹால் 15லிருந்து 20 சதவீதம் தான். ஜெர்மன் சட்டப்படி பழ மதுன்னா குறைஞ்சது 25 இருக்கணும், அதனால விக்கக் கூடாதுன்னாங்க. போதை கம்மியா இருக்கறதால மக்கள் உடம்புக்குக் கெடுதல்னு கோர்ட்ல வாதம் வேற! 1979ல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு, ஒரு நாட்டுல சட்டப்படி தயாராகி விக்கற பொருளை, தகுந்த பொதுநலக் காரணம் இல்லாம இன்னொரு உறுப்பு நாடு தடுக்க முடியாதுன்னு. ட்யூட்டியைக் குறைக்கற பல ஒப்பந்தங்களை விட இந்த ஒரு தீர்ப்பு பெருசு.

அடுத்த படியில நான் பயப்படற ஆளு. ஒரே கரன்சி. எக்ஸ்சேஞ்ச் ரேட் தலைவலி போயிடும், உண்மை தான், ஆனா நாட்டுக்கு உடம்பு சரியில்லாதப்போ நாணய மதிப்பைக் குறைச்சு சமாளிக்கற மருந்தும் கையை விட்டுப் போயிடும். கிரீஸ் 2001ல யூரோவுக்குள்ள போச்சு, கடன் நெருக்கடி வந்து 2013ல வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டுச்சு, 2015ல ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 60 யூரோ தான் எடுக்கலாம்னு வரிசையில நின்னாங்க. அவங்க அரசாங்கம் கணக்கை மறைச்சதும் தப்பு தான், இல்லைங்கல. ஆனா ஒரே நாட்டுக்குள்ள ஒரு மாநிலம் நொடிச்சா மத்த மாநில வரிப்பணம் தானா அங்க ஓடும், ஐரோப்பிய யூனியனோட பட்ஜெட்டு மொத்த வருமானத்துல சுமார் 1 சதவீதம் தான், அதை வச்சு யாரைத் தூக்கி நிறுத்த முடியும்? பக்கத்து நாட்டுக் கஷ்டத்துக்கு என் வரிப்பணம் போகட்டும்னு மக்கள் சம்மதிக்காத வரைக்கும் ஒரே நோட்டு அடிக்கறது அவசரக் கல்யாணம்.

அரசியல் பத்தி எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம் தான். சின்ன நாடு பயப்படறது ட்யூட்டிக்கு இல்ல, பெரிய நாட்டுக்கு. கென்யா, உகாண்டா, தான்சானியா மூணும் 1967ல ஆரம்பிச்ச கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1977ல உடைஞ்சதுக்கு ஒரு காரணம் லாபம் முழுக்க கென்யாவுக்கே போகுதுங்கற மனக்குறை, இன்னொண்ணு தலைவர்களோட பகை. பொதுவா இருந்த ஏர்லைன்ஸ் மூடினாங்க, தான்சானியா கென்யா எல்லையையே அடைச்சுது, சொத்துப் பங்கீடு முடியறதுக்கு 1984 ஆச்சு. அதே நாடுகள் 1999ல மறுபடி ஒப்பந்தம் போட்டு, 2005ல கஸ்டம்ஸ் யூனியன், 2010ல பொதுச்சந்தைன்னு இந்த தடவை படிப்படியா ஏறினாங்க. தெற்காசிய நாடுகளோட கூட்டமைப்பான சார்க் கதை உங்களுக்கே தெரியும், 1985ல ஆரம்பிச்சது, எல்லாரும் ஒத்துக்கிட்டா தான் முடிவு, 2014 காத்மாண்டுக்கு அப்புறம் உச்சி மாநாடே நடக்கல. தெற்காசிய நாடுகளோட மொத்த வியாபாரத்துல தங்களுக்குள்ள பண்ணிக்கறது சுமார் 5 சதவீதம் தான். சண்டையைத் தீர்க்க எல்லாரும் கட்டுப்படற ஒரு கோர்ட் வேணும். ஐரோப்பிய நீதிமன்றத்துல ஜெர்மனிக்கும் ஒரு நீதிபதி, குட்டி மால்டாவுக்கும் ஒரு நீதிபதி. அந்த மாதிரி ஒண்ணுக்கு பெரிய நாடு தலை வணங்கத் தயாரான்னு கேளுங்க, மத்த பேச்செல்லாம் அப்புறம்.

சேர்ந்தா திரும்பி வரலாமே? வரலாம், பிரிட்டன் வந்துச்சே. 2016ல 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறலாம்னு ஓட்டுப் போட்டாங்க, 2021 ஜனவரியில கஸ்டம்ஸ் பேப்பர் திரும்பி வந்துச்சு. நெதர்லாந்து துறைமுகத்துல பிரிட்டன்ல இருந்து வந்த லாரி டிரைவரோட ஹாம் சாண்ட்விச்சைக் கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க, இறைச்சி கொண்டு வர ரூல் இல்லைன்னு. பிரிட்டனோட இருக்கற வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக்கும் நடுவுல சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில மறுபடி கேட்டு போட்டா அங்க முன்னாடி நடந்த வன்முறையோட பழைய ரத்தக்காயம் திறக்கும்னு, செக்கிங்கை பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவுல கடல்லயே வச்சாங்க, அதாவது ஒரே நாட்டுக்குள்ள. அந்த வருஷம் அங்க கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்கு வந்த கிராக்கியைப் பாத்து நாங்க இங்க பெருமூச்சு விட்டோம்.

என் ஓட்டு எங்கன்னு கேட்டா, ஒரே இடத்துல செக்கிங், ஒருத்தர் லேப் ரிப்போர்ட்டை இன்னொருத்தர் ஏத்துக்கறது, இதுக்கு நாளைக்கே சரி. கஸ்டம்ஸ் யூனியன், பேரம் பேசற இடத்துல நாற்காலி இருந்தா மட்டும். கரன்சி, என் பேரன் காலத்துல பாத்துக்கலாம். வியாபாரம் பண்றவங்க மட்டும் ஒப்பந்தம்னு கேட்டதும் பூஜ்யம்னு விலை போடாதீங்க, ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே சரக்கு எங்க செஞ்சது, சர்டிஃபிகேட் தருவியான்னு சப்ளையர்கிட்ட எழுத்துல வாங்குங்க.

அந்த க்ளையன்ட் அடுத்த கண்டெய்னருக்கு ஒழுங்கா சர்டிஃபிகேட்டோட வந்தாரு, ட்யூட்டி பூஜ்யம். என் பில்லை மட்டும் ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏங்க, ரெண்டு நாடும் ஒண்ணாயிட்டா இந்த ஃபீசும் மிச்சம் தானே?"ன்னாரு. ஆமாங்க, மிச்சம் தான்னேன்.