கெளுத்திக் குளத்தில் நோயா? பாமசிக்குப் போகுமுன்

காலையில் தீன் போடப் போனால் நாலு கெளுத்தி வயிறு ஊதி, செட்டையடி சிவந்து மிதக்கும். உடனே பாமசிக்கு ஓடி இரண்டு கார்ட் டெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி, கப்சூலை உடைத்துக் குளத்தில் கொட்டுவது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பலருக்குத் தெரிந்த வைத்தியம். கணக்கைப் பாருங்கள். 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழமுள்ள குளத்தில் 2 இலட்சம் லீற்றர் தண்ணீர். 250 மில்லிகிராம் கப்சூல் இருபதும் சேர்ந்து 5 கிராம். மீனுக்கு ஒன்றும் சேராது. கிருமிக்கு மட்டும் மருந்து பழகிப்போகும்.

சட்டமும் இடம் கொடுக்காது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், நுண்ணுயிர்க்கொல்லிகளை மருந்துத் துண்டு இல்லாமல் பாமசியில் விற்கக் கூடாது. மீனுக்குத் துண்டு எழுத வேண்டியவர் கால்நடை வைத்தியர். குளம் சம்பந்தமாகப் பேச வேண்டிய இடம் நக்டா, அதாவது 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி, குறித்துரைக்கப்பட்ட மீன் வளர்ப்புகளுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். அது இல்லாதவர்கள் பயத்தில் அதிகாரியைக் கூப்பிடாமல் விடுவதுதான் பெரிய பிழை என்பேன்.

அப்புறம், நோய் எதுவென்று தெரியாமல் மருந்துக்குப் பலனில்லை. வயிறு ஊதி இரத்தம் கட்டினால் ஏரோமோனாஸ் பக்டீரியாவாக இருக்கலாம். உடம்பில் ஆழமான புண் என்றால் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சணம் மாதிரியான கிருமியாகவும் இருக்கலாம். 1980களின் கடைசியில் இலங்கைக் குளங்களில் மீன்களைத் தாக்கிய புண் நோய்க்குக் காரணம் அதுதான். அந்தக் கிருமியை எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் தொடாது. அதிக நெருக்கம், மிஞ்சிய தீன், மாரியில் தண்ணீர் திடீரெனக் குளிர்வது, இவையே பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுகின்றன.

பக்டீரியாதான் என்று உறுதியானால் மருந்தைத் தீனில் கலந்து கொடுப்பார்கள். அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் ஒக்சிடெட்ராசைக்கிளின் அளவு, ஒரு கிலோ மீனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 55 மில்லிகிராமில் தொடங்கும். 10 நாள் கொடுப்பார்கள். 100 கிலோ மீனுக்கு அது தினமும் ஐந்தரைக் கிராம். மீன் தீன் எடுப்பதை நிறுத்துமுன் தொடங்கினால்தான் சரி. உங்கள் குளத்துக்கான அளவை வைத்தியரே சொல்லட்டும்.

கடைசி மருந்துத் தீனுக்குப் பிறகு அமெரிக்காவில் 21 நாள் மீன் பிடிக்க விடமாட்டார்கள். ஏப்ரல் 1ஆம் திகதி நிறுத்தினால் 22ஆம் திகதி வரை வலை இறங்காது. வியாபாரி அவசரப்படுத்துவார், உண்மைதான். ஆனால் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அளவுகோல்படி ஒரு கிலோ மீன் சதையில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த மருந்து இருக்கக் கூடாது. குளோரம்பெனிகோல், நைட்ரோஃபியூரான் என்ற மருந்துகளின் பக்கமே போக வேண்டாம்; உணவு மீனில் அவற்றை அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்திருக்கின்றன.

அதிகாரியைப் பார்க்கப் போகும்போது செத்து மிதந்ததைக் கொண்டுபோக வேண்டாம், அது ஒரு மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். நோயோடு உயிராக இருக்கும் இரண்டு மூன்றை, குளத்துத் தண்ணீரோடு ஒக்சிஜன் அடித்த பையில் கட்டிக்கொண்டு போங்கள்.