1843இல் நட்ட வேரில் இன்றும் காய்க்கும் ஷிராஸ்

‘ஃப்ரீடம் 1843’ என்னும் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் புட்டியில் இரண்டு ஆண்டுகள் அச்சிடப்பட்டிருப்பது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒன்று திராட்சை அறுவடையான ஆண்டு. மற்றது அக்கொடிகள் நடப்பட்ட ஆண்டு. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்லியம் புகுத்திய வழிபாட்டு முறைக்கு இணங்காத, லூத்தரன் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் 1838 முதல் தென் ஆஸ்திரேலியாவில் குடியேறின. அவ்வாறு வந்த கிறிஸ்டியன் ஆரிக்ட் என்னும் கொல்லர், பரோசா பள்ளத்தாக்கின் லாங்மைல் சிற்றூரில் நட்ட, ஷிராஸ் என்னும் ஒயின் திராட்சை வகைக் கொடிகள் இன்றும் தம் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன.

‘சொந்த வேரில்’ என்பதே இங்கு வியப்புக்குரியது. உலகின் பெரும்பாலான ஒயின் திராட்சைக் கொடிகள், நம் ஒட்டு மாங்கன்றுகளைப் போலவே, வேறொரு செடியின் வேரில் ஒட்டப்பட்டவை. அதற்குக் காரணம் ஃபில்லாக்சரா என்னும், ஒரு மில்லிமீட்டர் அளவேயான பூச்சி.

வட அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1860களில் பிரான்சின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. செத்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் அழுகிய வேரைக் கண்டார்களே தவிர, பூச்சியைக் காணவில்லை; சாறு வற்றியதும் அது அடுத்த கொடிக்கு நகர்ந்துவிடும். 1868இல் தாவரவியலாளர் ஷூல் எமில் பிளான்ஷோனும் உடன் சென்றவர்களும் செயிண்ட் ரெமி அருகே, நலமாகத் தோன்றிய ஒரு கொடியின் வேரைத் தோண்டிய பிறகே மஞ்சள் நிறப் பூச்சிகளின் கூட்டம் வெளிப்பட்டது. கொடியின் அடியில் உயிருள்ள தேரையைப் புதைத்தால் நஞ்சு இறங்கும் என்று நம்பிக் காலத்தை இழந்த உழவர்களும் அன்று இருந்தனர். தேரைகளால் ஒரு கொடியும் பிழைக்கவில்லை.

பூச்சி குடிக்கும் சாற்றின் அளவு சிறிதே. கொடியைக் கொல்வது அது ஏற்படுத்தும் காயம். குத்திய இடத்தில் ஐரோப்பியக் கொடியின் வேர் வீங்கிப் பிளக்க, அப்பிளவின் வழியே மண்ணிலுள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் நுழைந்து வேரை அழுகச் செய்கின்றன. இப்பூச்சியுடன் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுக் கொடிகள் பலவோ, காயத்தின் கீழே தக்கைத் திசு அடுக்கொன்றை விரைந்து வளர்த்து, கெட்ட பகுதியை உயிருள்ள வேரிலிருந்து பிரித்துவிடுகின்றன. பூச்சியைக் கொல்லாமல், அது திறந்த வாசலை மட்டும் அடைக்கும் இந்தத் தற்காப்பைவிட நேர்த்தியான ஒன்றைத் தாவர உலகில் நான் அறிந்ததில்லை. அமெரிக்க வேர்ச்செடியின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டியபோது வேர் பிழைத்தது; பழத்தின் இயல்பும் மாறவில்லை.

லாங்மைல் கொடிகளுக்கு அத்தகைய தற்காப்பு கிடையாது. பூச்சி அங்கே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். 1877இல் அண்டை மாநிலமான விக்டோரியாவின் ஜீலாங் பகுதியில் அது தென்பட்டதும் தென் ஆஸ்திரேலியா விழித்துக்கொண்டு, 1899இல் ஃபில்லாக்சராவுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. கொடித்துண்டுகள், மண் ஒட்டிய கருவிகள், அறுவடை இயந்திரங்கள் ஆகியவற்றின் வரவு இன்றும் கட்டுப்படுத்தப்படுகிறது. இத்தகைய கண்காணிப்பின் வெற்றி என்பது எதுவும் நிகழாமல் இருப்பதே என்பதால், அதற்கான நிதியை வீண்செலவென்று குறைக்க அரசுகள் எளிதில் துணிகின்றன. அது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து. 2006இல் விக்டோரியாவின் யார்ரா பள்ளத்தாக்கிலும் இப்பூச்சி கண்டறியப்பட்டது; அங்கே பல தோட்டக்காரர்கள் கொடிகளைப் பிடுங்கி, ஒட்டுக் கன்றுகளை நட வேண்டியதாயிற்று.