ஸ்லோ ஏர்: காற்றும் அல்ல, பண்ணும் அல்ல

பள்ளிப் பிள்ளைகளின் தந்தி வாத்தியக் குழுக்கள் வாசிக்கும் ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசைக்குத் தமிழில் குறிப்பு எழுதுபவர்கள், ‘ஸ்லோ ஏர்’ என்பதை ‘மெதுவான காற்று’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘அடுத்து காற்று செல்லோவுக்குப் போகிறது’ என்றுகூட ஒரு குறிப்பில் படித்தேன். வாசிப்பவர் என்னதான் நினைத்துக்கொள்வார்?

இசையில் ‘ஏர்’ என்றால் மெட்டு. இத்தாலியரின் ‘ஆரியா’வுக்கு உறவு; பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆடுவதற்காக இல்லாமல் கேட்பதற்காக, தாளத்தை இறுக்கிப் பிடிக்காமல் வாசிப்பது ஸ்லோ ஏர். ஸ்காட்லாந்து வயலின் கலைஞர் நீல் கௌ (1727–1807) தம் இரண்டாம் மனைவி இறந்தபோது செய்த புலம்பல் இதில் பேர்போனது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘பண்’ என்கிறார்கள். காற்றைவிடத் தேவலை, ஆனால் அதுவும் பொருந்தாது. பண் ராகத்துக்கு நிகரான சொல். தேவாரத்தில் கொல்லி, காந்தாரம் என்று ஒரே பண்ணில் பல பதிகங்கள் இருக்கின்றன. நீல் கௌவின் புலம்பலோ ஒரே ஒரு மெட்டு. பழைய சொல் என்பதற்காக அதன் பொருளை மாற்றுவது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

‘மெட்டு’ சினிமாச் சொல்லாம், அதனால் கூடாதாம். சினிமா வருவதற்கு முன்பே பாட்டுப் புத்தகங்களில் ‘வர்ணமெட்டு’ என்று அச்சிட்டார்கள். பாரதியார் நந்தன் சரித்திரப் பாட்டுகளின் வர்ணமெட்டில் பாட்டு எழுதினார். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் செய்ததும் இதுதான்: ஊரில் வழங்கிய மெட்டை எடுத்து அதற்குச் சொல் எழுதினார். அவர் பாட்டுகளின் தலைப்பில் எந்த மெட்டு என்ற குறிப்பும் இருக்கும். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல்லை விட்டுவிட்டு எதைத் தேடுகிறோம்?

‘ஸ்லோ’வுக்கு ‘விளம்பம்’ என்றால் தாளக் கணக்கு உள்ளே வந்துவிடும். ‘நிதான மெட்டு’ போதும்.

இதே குறிப்புகளில், ஸ்காட்லாந்தின் பேக்பைப் என்ற ஊதுவாத்தியத்தில் மெட்டுக்கு அடியில் ஒரே சுரமாக நீளும் ‘ட்ரோன்’ வெறும் ‘இரைச்சல்’ ஆகிவிடுகிறது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஓயாமல் ஒலிக்கும் ஒத்து நம்மிடம் இருக்கிறதே! வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் நான்கிலும் டி தந்தியும் ஏ தந்தியும் உண்டு. அதனால் புதிதாகக் கற்கும் பிள்ளைகூட விரலே வைக்காமல், வில்லை மட்டும் இழுத்து ஒத்து பிடிக்க முடியும். அதன்மேல் முதல் வயலின்கள் மெட்டை எடுக்கும். இளையோருக்கு எழுதுபவர்கள் இதை விரும்பிக் கையாள்வது இதனால்தான். ‘இரைச்சல்’ என்று படிப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது.

அப்புறம், ரீலைச் ‘சுருள்’ ஆக்க வேண்டாம். அது ஒரு நடனத்தின் பெயர். ஸ்ட்ராத்ஸ்பே என்ற இன்னொரு நடனத்தின் பெயரும் அப்படியே இருக்கட்டும், அது ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரால் வந்தது.