ரவானுக்குச் சுருதி கிடையாது, அதுவே வசதி

மொரிஷியஸ் தமிழ்ப் பாடகர் ஒருவர் அந்தத் தீவின் நாட்டார் இசையான சேகா, மிருதங்கம், கித்தார் எல்லாம் சேர்த்து ஒரு பாப் ஆல்பம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூடியோவில் அவரை முதலில் படுத்துவது தோல்தான்.

சேகாவின் உயிர் ரவான்: அகன்ற மரவளையம், ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல். வாசிக்குமுன் பறையைப் போலவே நெருப்பில் காய்ச்சுவார்கள். தீவின் ஈரக்காற்றில் தோல் நீரை உறிஞ்சிக் கனத்து, தொய்ந்துபோகும். இழுவிசை குறைந்தாலும் கனம் கூடினாலும் ஒலி தாழும். சூடு காட்டினால் இரண்டும் சரியாகும். ஆனால் கொஞ்ச நேரம்தான். காலையில் பதிந்த அடியும் மாலையில் பதிந்த அடியும் ஒட்டாது. செயற்கைத் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. என் காதுக்குத்தான் அது வறட்டுச் சத்தம்.

சரி, ரவானை எந்தச் சுருதிக்குச் சேர்ப்பது? சேர்க்கவே வேண்டாம். தம்பூராக் கம்பியின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல் 2, 3, 4 மடங்காக வரும். சீரான வட்டத்தோலிலோ 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாக வரும். காதால் அதில் ஒரு சுரத்தைப் பிடிக்க முடியாது. மிருதங்கம் வேறு ஜாதி. வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவே அப்பிய கரணை என்ற கரும்பசை அந்த அதிர்வுகளை இழுத்து, ஏறக்குறைய முழு மடங்குகளில் நிறுத்துகிறது. சி.வி. ராமன் 1920-லேயே இதை எழுதிவிட்டார்.

அதனால்தான் பாப் பாட்டின் கடைசிப் பல்லவியில் சுருதியை அரை சுரம் ஏற்றினால் மிருதங்கம் உறுத்தும். அந்தப் பகுதிக்கு வேறு சுருதியில் கட்டிய இன்னொன்று வேண்டும். ரவானோ தன் பாட்டுக்கு எதுவும் தெரியாததுபோல் முழங்கிக்கொண்டிருக்கும்.

தாளம் இவ்வளவு பாடுபடுத்தாது. சேகா ஆறு துடிப்பு, பாப் நாலு தட்டு. நாலு தட்டையும் திஸ்ர நடையில் மும்மூன்றாகப் பிரித்தால் பன்னிரண்டு. சேகாவின் இரண்டு சுற்று அதில் கச்சிதமாக உட்காரும். 1980-களில் மொரிஷியஸ் பாடகர் காயா சேகாவையும் ஜமைக்காவின் ரெகே இசையையும் கலந்து ‘செகே’ என்ற புது வகையையே கிளப்பிவிட்டார்.

கடைசியில் மிக்ஸிங். ரவானின் கனத்த அடி, பாஸ் கித்தார், கிக் டிரம் மூன்றும் தாழ்ந்த அதிர்வெண்களில் நெரிசல்படும். பலத்த ஒலி, தன்னை ஒட்டிய அதிர்வெண்ணில் வரும் மெல்லொலியைக் காதிலிருந்தே மறைத்துவிடும். பொறியாளர் ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) ஒன்றைக் குறைத்து மற்றொன்றுக்கு வழிவிடுவார். என்னைக் கேட்டால் கிக் டிரம்மையே எடுத்துவிடலாம். அந்த வேலையை ரவான் பார்த்துக்கொள்ளும்.