குணப்படுதல்: நோய் தீர்வதா, வழி திரும்புவதா?

இலங்கை மலையகத்தில் ஒருவரைப் பார்த்து "குணமாச்சா?" என்று கேட்டால், காய்ச்சலோ இருமலோ விட்டதா என்றுதான் பொருள். என் அம்மாயிக்கும் அவ்வளவுதான் தெரியும். ஒருநாள் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நடந்த ஜெபக்கூட்டத்துக்கு, கூப்பிட்டார்களே என்று போய் உட்கார்ந்திருக்கிறார். பிரசங்கியார் "மனந்திரும்பிக் குணப்படுங்கள்" என்று வாசித்தாராம். வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: "எனக்கு என்னா நோவு இருக்குன்னு அந்தாளு குணமாகச் சொல்றாரு?" எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், கேள்வி நியாயமானது. அந்தச் சொல்லையும், பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவ சபையார் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம்.

அது பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 3:19. இயேசுவின் சீடர் பேதுரு கூட்டத்தைப் பார்த்துப் பேசும் இடம். கிரேக்க மூலத்தில் இரண்டு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று எண்ணம் மாறுவது. மற்றது போகிற வழியை விட்டு ஆளே திரும்புவது. இரண்டாவதன் பின்னால் 'ஷூப்' என்ற எபிரேயச் சொல் நிற்கிறது. போனவன் திரும்பி வருவதற்கு அன்றாடம் புழங்கிய சாதாரணச் சொல் அது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கன்வெர்ஷன்' ஆனதும் இந்தத் திரும்புதல்தான். தமிழ் வேதாகமம் முதல் வினைக்கு 'மனந்திரும்பு' என்றும் இரண்டாவதற்குக் 'குணப்படு' என்றும் வைத்தது.

ஏன் குணம்? வடமொழியில் குணம் என்றால் பொதுவாகத் தன்மை. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தமிழில் அது நல்ல பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "குணம்நாடிக் குற்றமும் நாடி" என்று குறள் 504 குணத்தைக் குற்றத்துக்கு எதிரே நிறுத்துகிறது. "குணமான பிள்ளை" என்றால் நல்ல பிள்ளை. ஆகவே குற்றத்தை விட்டு வந்தவனைக் குணப்பட்டவன் என்றது அந்தக் காலத்தில் பொருத்தமாகவே இருந்திருக்கும். பேதுருவிடம் இயேசு "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று சொல்லும் இடத்தில் நோயே இல்லை. அப்புறம் ஆஸ்பத்திரியும் மருந்துக் கடையும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. வேதாகமத்தில் மட்டும் பழைய பொருள் தங்கிப்போனது.

இனிப் பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கலாம். முதலில் அந்தப் பெயர். கிரேக்கத்தில் 'பிரெஸ்பிட்டெரோஸ்' என்றால் வயதில் மூத்தவர். தமிழ் வேதாகமம் 'மூப்பர்' என்கிறது. இதைவிட நல்ல சொல் கிடைக்காது. பிஷப் கிடையாது, மூப்பர்கள் கூடிச் சபையை நடத்துவார்கள். அதனால் அந்தப் பெயர். குருவானவரைக் குறிக்கும் 'பிரீஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்கூட இதே கிரேக்கச் சொல் தேய்ந்து வந்ததுதான் என்பது ஒரு வேடிக்கை.

இந்தச் சபை வேர் பிடித்த நாடு ஸ்கொட்லாந்து. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். நானுஓயாவில் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட், பூண்டுலோயாவில் டன்சினன் என்று தோட்டப் பெயர்களே அந்த நாட்டைச் சொல்லும். கண்டியில் ஸ்கொட்லாந்துத் துரைமாருக்கென்று ஸ்கொட்ஸ் சர்ச்சும் எழுந்தது. ஆனால் 1854இல் தோட்டங்களுக்கென்று தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சங்கத்தோடு சேர்ந்து இயங்கியது. துரைமாரின் ஊர்ப் பெயர்கள் நம் வாயில் ஏறிய அளவுக்கு அவர்களுடைய சபைப் பெயர் ஏறவில்லை.

அந்தச் சபையின் போதனைக்கு அடிப்படை வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. 1646இல் லண்டனில் எழுதி முடிக்கப்பட்டு, மறு ஆண்டு ஸ்கொட்லாந்துச் சபை ஏற்றுக்கொண்டது. அதோடு 107 கேள்விகள் கொண்ட சிறு வினாவிடை ஒன்றும் உண்டு. மனிதனுடைய சித்தமே பாவத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதால் அவன் தானாகக் கடவுள் பக்கம் திரும்பமாட்டான். கடவுள் தம் கிருபையால் தெரிந்துகொண்டவர்களைப் பரிசுத்த ஆவியானவர் உள்ளே புதிதாக்கி அழைக்கிறார். அதனால்தான் அவர்கள் விசுவாசித்து மனந்திரும்புகிறார்கள் என்பது அதன் சாரம். மறுபிறப்பு முதலில், திரும்புதல் பிறகு. இந்த வரிசைதான் மற்றப் பல சபைகளிலிருந்து இவர்களைப் பிரிக்கிறது. 'நீ முதலில் முடிவெடு, பிறகு கடவுள் உன்னைப் புதிதாக்குவார்' என்று மேடையில் கேட்கிறோமே, அதற்கு நேர் எதிர்.

இதை விளக்க ஆங்கிலக்காரர் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரு மெய்யெழுத்து போதும். திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. எரேமியா 31:18 இப்படி வருகிறது: "என்னைத் திருப்பும், அப்பொழுது திரும்புவேன்." திருப்புகிறவர் அவர், திரும்புகிறவன் நான். இரண்டும் உண்மை, எது முன், எது பின் என்பதுதான் விஷயம். ரம்பொடை வளைவில் "பஸ் திரும்பியது" என்று சொல்கிறோம், பொய்யில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கில் கை ஒன்று இருந்தது. இந்த உவமையை அதற்கு மேல் இழுக்கக்கூடாது, பஸ்ஸுக்கு மனம் கிடையாது. வினாவிடையோ, ஆவியானவர் அறிவைத் தெளிவாக்கி, சித்தத்தைப் புதுப்பித்து, இணங்கவும் ஏற்கவும் வைக்கிறார் என்கிறது. பிடரியைப் பிடித்துத் திருப்புவதில்லை, விரும்ப வைத்துத் திருப்புகிறார்.

'மறுபிறப்பு' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். தீத்து 3:5இல் 'மறுஜென்ம முழுக்கு' என்றிருக்கிறது. மாரியம்மன் கோயிலும் வேதக்கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தோட்டத்தில் மறுஜென்மம் என்றால் செத்து அடுத்த பிறவி எடுப்பதுதான். என் அம்மாயியிடம் சொல்லியிருந்தால் "இந்தச் சென்மமே போதும்" என்றிருப்பார். 'புதுப்பிறப்பு' என்றால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது இரட்சிப்பு. 'ரக்ஷ்' என்ற வடமொழி வேர். காப்பது என்று பொருள். இரட்சணிய சேனை என்ற பெயரில் அந்தச் சொல் எல்லோருக்கும் பழக்கம். தனித்தமிழில் எழுதுவோர் இதற்கு 'மீட்பு' என்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. மீட்பு என்றால் விலை கொடுத்து எடுப்பது. அடகு வைத்த தோட்டை மீட்பது போல. கிறிஸ்து தம் உயிரைக் கொடுத்தார் என்ற பகுதிக்கு அது கச்சிதம். ஆனால் இரட்சிப்பு அதைவிட அகலமானது. நீதிமானாக்குதல், பிள்ளையாக ஏற்றுக்கொள்ளுதல், பரிசுத்தமாக்குதல் எல்லாம் அதற்குள் வரும். வினாவிடை முதல் இரண்டையும் ஒரே தரம் நடந்து முடியும் 'செயல்' என்கிறது, மூன்றாவதை நடந்துகொண்டே இருக்கும் 'வேலை' என்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றுவதென்றால் 'காப்பு' சரி, ஆனால் வளையல் ஞாபகம் வரும். சரி, இரட்சிப்பே இருக்கட்டும்.

இரட்சிப்புக்கான கிரேக்க வினைக்கு நோயிலிருந்து சுகப்படுத்துவது என்ற பொருளும் உண்டு. மத்தேயு 9:22இல் பெரும்பாடு என்ற உதிரப்போக்கு நோயுள்ள பெண் சுகமான இடத்தில் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்றே இருக்கிறது. ஆக, அம்மாயி முழுக்கத் தவறிவிடவில்லை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதியோடு நிற்கும் தம்பிமார் சிலர் "அண்ணே, நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்பார்கள். பிரஸ்பிட்டேரியன் போதனையில் தேதி கட்டாயமில்லை. விசுவாசிகளின் குழந்தைகளும் கடவுள் தம் மக்களோடு செய்த உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் அவர்கள். ஞானஸ்நானமே இரட்சித்துவிடும் என்று மட்டும் சொல்வதில்லை. பைபிளில் வரும் மூன்று பேரைப் பார்க்கலாம். பவுலுக்குத் தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒரே நாளில் நடந்தது. லீதியாளின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தருளினார் என்று ஒரே வரி, சத்தமே இல்லை. தீமோத்தேயு சிறு வயதிலிருந்தே வேத எழுத்துக்களை அறிந்தவர். அவர் திரும்பிய நாள் எங்கும் எழுதப்படவில்லை. திரும்பியிருக்கிறாயா என்பதே கேள்வி, என்றைக்கு என்பதல்ல.

கன்வெர்ஷன் என்றதும் பத்திரிகைகள் 'மதமாற்றம்' என்று போடுகின்றன. அது பதிவேட்டில் மதத்தின் பெயர் மாறுவது. பரம்பரையாக வேதக்காரராக, அதாவது கிறிஸ்தவராக, இருப்பவரும் மனந்திரும்ப வேண்டும் என்பதே இவர்களுடைய போதனை. அங்கே மாறுவதற்கு மதம் எது? 'மனமாற்றம்' பரவாயில்லை, ஆனால் தேர்தல் காலத்தில் கட்சி மாறுகிறவருக்கும் அதையே சொல்கிறோம். கன்வெர்ஷனுக்கு நான் வெறும் 'திரும்புதல்' என்றே எழுதுகிறேன், தேவைப்பட்டால் 'கடவுளிடம் திரும்புதல்'. பாவத்தை விட்டுத் திரும்புவது மனந்திரும்புதல், கிறிஸ்துவை நோக்கித் திரும்புவது விசுவாசம்; இரண்டுக்கும் அந்த ஒரு சொல்லில் இடம் இருக்கிறது. 'குணப்படுதல்' வேதாகமத்தில் வாசிக்கும்போது மட்டும் வரட்டும். வாசிக்கிறவர் கூடவே ஒரு வரி விளக்கமும் சொன்னால் நல்லது. லயத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு நிஜமாகவே முட்டி வலி இருக்கும்.